பேப்பர்ல முதல் பேர் யாருது?

ஒரு ஆராய்ச்சிப் பேப்பரை டவுன்லோட் பண்ணினா நாம முதல்ல தலைப்பைப் பார்ப்போம். அடுத்து நேரா அப்ஸ்ட்ராக்ட், அதுக்கப்புறம் கடைசியில ரிசல்ட். தலைப்புக்கும் அப்ஸ்ட்ராக்டுக்கும் நடுவுல ஒரு வரி இருக்கும். எழுதினவங்க பேர் வரிசை. அதை நம்மில் பாதிப் பேர் படிக்கிறதே இல்ல. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பத்தினது.

2020-ல் பத்தாவது பப்ளிக் எக்ஸாம் ரத்தாகி ஆல் பாஸ் வாங்கின பேட்ச் நாம. நாம வீட்ல போனும் கையுமா ஆன்லைன் கிளாஸ் பார்த்துக்கிட்டு இருந்த அதே மாதங்கள்ல, உலகம் முழுக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கோவிட் பத்தி ராத்திரி பகலா பேப்பர் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பேப்பர்களோட பேர் வரிசையை மட்டும் தனியா எடுத்து எண்ணிப் பார்த்தவங்க சிலர் உண்டு. அவங்க கண்டது: அவசரம் கூடினப்போ பெண்களோட பேர் குறைஞ்சது.

இது பேரும் புகழும் சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும்தானா, இல்ல நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வர்ற பிரச்சினையா? அதைத்தான் இங்க படிப்படியா பார்க்கப் போறோம். முதல்ல கோவிடுக்கு ரொம்ப முன்னாடி, நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த ஒரு ஆராய்ச்சியிலிருந்து தொடங்கலாம்.

1. சென்னை, 1986

எச்.ஐ.வி-யும் ஒரு பெருந்தொற்றுதான். அமெரிக்காவில் 1981-லேயே எய்ட்ஸ் பத்தின செய்தி வந்துடுச்சு. இந்தியாவில் அது இல்லைன்னுதான் பலரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அப்போ சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியரா இருந்தவர் சுனிதி சாலமன். தன்னிடம் முதுநிலை படிச்ச செல்லப்பன் நிர்மலாவிடம், "உன் ஆய்வேட்டுக்கு இதை எடுத்துப் பாரேன்" என்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். நிர்மலாவுக்கு அப்போ வயசு 32. சின்ன ஊர்ல, கட்டுப்பாடான குடும்பத்துல வளர்ந்தவர். ரெண்டு குழந்தைகளுக்குத் தாய்.

200 ரத்த மாதிரி எடுக்கணும். அரசு மருத்துவமனைக்குப் போனார், பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்ட பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போனார். பஸ் காசு மிச்சம் பண்ண அவரோட கணவர்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, வேறெந்தப் பாதுகாப்பும் கிடையாது. சீரம் பிரிக்க சின்னதா ஒரு லேப் ஏற்பாடு பண்ணினாங்க. பிரிச்ச சீரத்தை வைக்க வசதி இல்லாததால வீட்டு ஃப்ரிட்ஜ்லயே வெச்சார். எலைசா டெஸ்ட் வசதி சென்னையில் இல்லை. அதனால 1986 பிப்ரவரியில் கணவரோட ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில இறங்கி, வேலூர் சி.எம்.சி-க்குப் போனார். அங்கே ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். பிறகு அமெரிக்காவில் மறுபடி சோதிச்சு உறுதிப்படுத்தினாங்க. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்குன்னு தெரிஞ்சது அப்படித்தான்.

இப்போ பேர் வரிசைக்கு வருவோம். இந்தக் கண்டுபிடிப்பு 1987-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் பேப்பரா வந்துச்சு. அதில் நிர்மலாவின் பெயர் நாலாவது. சுனிதி சாலமனின் பெயர் ஐந்தாவது. முதல் மூணு பேரும் வேலூரைச் சேர்ந்தவங்க.

இதுல யாரையும் திருடன்னு சொல்ல வரல. சோதனை நடந்தது வேலூர் லேப்ல, அவங்க உழைப்பும் நிஜம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. லேப் வசதி எங்க இருக்கோ, பேப்பர் எழுத நேரம் யாருக்கு இருக்கோ, அங்கதான் முதல் பேர் போய்ச் சேருது. கையுறை இல்லாம ரத்தம் எடுத்த உழைப்பு நடுவுல போயிடுது. நிர்மலா 1987-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சுட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல தடுப்பூசித் தயாரிப்பு வேலைக்குப் போனார். 2010-ல் ஓய்வு பெற்றார். அவர் பேர் வெளியுலகத்துக்குப் பரவலா தெரிஞ்சது 2016-ல், கண்டுபிடிச்சு முப்பது வருஷம் கழிச்சு.

இன்னொரு தரப்பும் இருக்கு. ரத்தம் கொடுத்த அந்தப் பெண்கள். எதுக்காக டெஸ்ட் பண்றோம்னு அவங்ககிட்ட சொல்லப்படலை. இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதை ஒத்துக்காது. ஆக, ஆராய்ச்சியில் பெண்கள் ரெண்டு இடத்துல வர்றாங்க. ஆய்வு செய்றவங்களா ஒரு இடம், ஆய்வுக்கு உள்ளாகிறவங்களா இன்னொரு இடம். கோவிட் காலத்துல இந்த ரெண்டு இடத்துலயும் என்ன ஆச்சுன்னு பார்க்கலாம்.

2. பேர் வரிசையை எப்படிப் படிக்கணும்

மருத்துவத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பேர் பெரும்பாலும் வேலையை முன்ன நின்னு செஞ்சவர். ஜூனியர் டாக்டர், ஆராய்ச்சி மாணவர் மாதிரி ஆள். கடைசிப் பேர் அந்தக் குழுவின் தலைவர், நம்ம பாஷையில கைடு. நடுவுல வர்றவங்க உதவினவங்க. வேலை, பதவி உயர்வு, அடுத்த நிதி எல்லாத்துக்கும் கணக்குல வர்றது பெரும்பாலும் முதல் பேரும் கடைசிப் பேரும்தான்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு 2020-ன் எண்களைப் பாருங்க.

'பி.எம்.ஜே குளோபல் ஹெல்த்' இதழில் அந்த வருஷம் வந்த ஒரு ஆய்வு, 1,370 கோவிட் பேப்பர்களை எடுத்துக்கிட்டது. மொத்தம் 6,722 ஆத்தர்கள். அதுல பெண்கள் 34%. முதல் பேர்ல 29%. கடைசிப் பேர்ல 26%. மேல போகப் போகக் குறையுது.

"மருத்துவ ஆராய்ச்சியில எப்பவுமே அப்படித்தானே, கோவிட் என்ன பண்ணுச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் 'ஈலைஃப்' இதழில் 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில் இருக்கு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களின் 1,893 கோவிட் பேப்பர்களை, அதே இதழ்களில் 2019-ல் வந்த பேப்பர்களோட ஒப்பிட்டாங்க. அதே இதழ், ஒரே ஒரு வருஷ வித்தியாசம். பெண் முதல் ஆத்தரா இருக்கிற பேப்பர்களின் பங்கு 19% குறைஞ்சிருந்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதாவது எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்ச ஆரம்பத்துல, நிலைமை இன்னும் மோசம்.

இங்க ஒரு சின்னக் கணக்குப் பாடம். 19% குறைஞ்சதுன்னா 40%-ல் இருந்து 21%-க்கு வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. முன்னாடி 100 பேப்பர்ல 40-ல் பெண் முதல் பேரா இருந்தா, இப்போ ஏறக்குறைய 32. சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் இது. எந்தச் செய்தியில் "இத்தனை சதவீதம் குறைவு" என்று பார்த்தாலும், எதுல இருந்துன்னு கேளுங்க.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மாதிரி ஆய்வுகள்ல ஒருத்தர் ஆணா பெண்ணான்னு பெரும்பாலும் முதல் பேரை வெச்சு சாஃப்ட்வேர்தான் யூகிக்குது. நம்ம ஊர்ப் பழக்கத்துல சிலர் பேப்பர்ல இனிஷியல் மட்டும் போடுறாங்க, சிலருக்கு முதல் பேரா அப்பா பேர் பதிவாயிடுது. அந்தப் பேர்களை சாஃப்ட்வேர் ஒண்ணு விட்டுடும், இல்ல தப்பா எண்ணும். அதனால இந்த எண்கள் நம்மூர்ப் பெண்களைச் சரியா காட்டுதுன்னு சொல்ல முடியாது.

3. அவசரத்துக்கு யாருக்கு நேரம் இருந்துச்சு

2020 பிப்ரவரி முதல் மே வரை, எல்செவியர் நிறுவனத்தின் 2,329 இதழ்களுக்கு வந்த பேப்பர்களை ஒரு குழு ஆராய்ந்தது. முந்தைய காலத்தை விட மொத்தமா 30% அதிகம். மருத்துவத் துறையில் மட்டும் 63% அதிகம். லாக்டவுன்ல பேப்பர் குறையல, பொங்கி வழிஞ்சது. ஆனா ஆண்கள் அனுப்பினது கூடின அளவுக்குப் பெண்கள் அனுப்பினது கூடல. அதுவும் வயசுல இளையவங்க, இப்பதான் கேரியர் தொடங்கின பெண்கள், ரொம்பவே பின்தங்கினாங்க.

ஏன்? திறமை ஒரு மாசத்துல குறைஞ்சுடுமா? மாறினது நேரம். 2020 ஏப்ரலில் அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 4,535 விஞ்ஞானிகளிடம் கேட்டாங்க. ஐந்து வயசு அல்லது அதுக்குக் கீழே குழந்தை இருக்கிறவங்களுக்கு ஆராய்ச்சி நேரம் மத்தவங்களை விட 17% கூடுதலா குறைஞ்சிருந்தது. அதுக்கு மேல, பெண்ணா இருக்கிறதால தனியா இன்னொரு 5%.

நம்ம நாட்டுக் கணக்கு என்ன? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயின்படி, வீட்டு வேலையில் ஈடுபடுற பெண்கள் அதுக்காக ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். இது லாக்டவுனுக்கு முன்னாடி எடுத்தது. பள்ளிக்கூடம், பால்வாடி, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா எல்லாம் ஒரே நாள்ல நின்னு போன பிறகு அந்த 299 எங்க போயிருக்கும்னு நம்ம வீட்டை நினைச்சுப் பார்த்தாலே தெரியும். மெடிக்கல் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசரா இருக்கிற ஒரு அம்மாவும் டியூட்டி முடிச்சு வந்து அந்தக் கணக்குலதான் சேர்றாங்க.

"மேல பெண்கள் இருந்தாங்களே?" என்று ஒரு எதிர்க்கேள்வி வரும். உண்மைதான். அப்போ உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி, சென்னையைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதன். கோவாக்சினுக்கு ஆதாரமான வைரஸைப் பிரிச்சு எடுத்த புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் இயக்குநர் பிரியா ஆபிரகாம், முன்னாடி வேலூர் சி.எம்.சி-யில் இருந்தவர். அதே வேலூர் சி.எம்.சி-யின் ககன்தீப் காங், ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண். டிவியில இவங்களைப் பார்த்து "எல்லாம் சமமாயிடுச்சு"ன்னு நினைக்கிறது சுலபம். ஆனா 2018 கணக்குப்படி இந்தியாவின் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் 16.6% மட்டுமே. உச்சியில மூணு பேர் தெரியுறதால, ஏணியின் கீழ்ப்படியில நிக்கிறவங்களுக்குப் படி உறுதியாயிடாது. கோவிட் அடிச்சது அந்தக் கீழ்ப்படியை.

4. கேட்கப்படாத கேள்விகள்

சரி, பேர் குறைஞ்சா குறையட்டும், மருந்து வந்தா போதாதா? இங்கதான் விஷயம் நம்ம ஊருக்கு வருது.

உலக அளவில் பதிவான 4,420 கோவிட் ஆய்வுகளை ஒரு குழு அலசிப் பார்த்தது. ஆண், பெண் என்று பிரிச்சு முடிவை ஆராயப் போறோம்னு திட்டத்துலயே சொன்னது 4% மட்டும். 2020 டிசம்பருக்குள்ள வெளிவந்த 45 மருந்துச் சோதனைகளில் எட்டுதான் முடிவுகளை ஆண், பெண் எனப் பிரிச்சுக் கொடுத்திருந்தது. ஆண்கள் அதிகமா இறக்குறாங்கன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்ச நோய்க்கு இந்த நிலை. டேட்டாவைப் பிரிக்காம விட்டதுல ஆண்களுக்கும் நஷ்டம்தான்.

அடுத்து கர்ப்பிணிகள். தடுப்பூசிச் சோதனைகளில் அவங்களைச் சேர்க்கல. கோவாக்சினின் மூணாம் கட்டச் சோதனையில் ஏறக்குறைய 25,800 பேர், கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்ல. பாதுகாப்பை நினைச்சு எடுத்த முடிவுதான். ஆனா அதன் விளைவைப் பாருங்க. 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுது: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்தச் சோதனையிலும் இடம்பெறல, அதனால அவங்களுக்கு இப்போ போட வேண்டாம். சேர்க்காததால தகவல் இல்ல, தகவல் இல்லாததால ஊசி இல்ல.

பாலூட்டும் தாய்மார்களுக்கு மே 19-ல் அனுமதி வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ல். நேர்மையா கணக்குப் போடணும்னா, 18 முதல் 44 வயசு வரை உள்ள மத்தவங்களுக்கே மே 1-ல்தான் தொடங்குச்சு, ஊசித் தட்டுப்பாடும் இருந்தது. ஆக பெரும்பாலான கர்ப்பிணிகளுக்குத் தனியா ஏற்பட்ட தாமதம் ரெண்டு மாதம். டாக்டர், நர்ஸ் வேலையில இருந்த கர்ப்பிணிகளுக்கு ஐந்தரை மாதம். அந்த ரெண்டு மாதம் எந்த மாதம்? மே 21 அன்னைக்குத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் தொற்று. ரெண்டாவது அலையின் உச்சி.

ஐ.சி.எம்.ஆர் 2021 ஜூனில் வெளியிட்ட ஒரு ஆய்வு, கர்ப்பிணிகளையும் புதிதாகப் பிரசவித்த தாய்மார்களையும் பற்றியது. முதல் அலையில் 1,143 பேர், ரெண்டாவது அலையில் 387 பேர். இறப்பு விகிதம் முதல் அலையில் 0.7%, ரெண்டாவதில் 5.7%. இது தொற்று வந்து பதிவானவங்களோட கணக்கு. வைரஸும் மாறியிருந்தது. ஊசி போட்டிருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா முடிவெடுக்கத் தேவையான தகவல் ஆறு மாதம் முன்னாடியே இருந்திருக்கலாம்.

குரும்பலூர் மாதிரி ஒரு ஊர்ல இதை வெச்சுப் பாருங்க. வெங்காயக் காட்டு வேலைக்குப் போற ஒரு கர்ப்பிணி, கிராம சுகாதார செவிலியர்கிட்ட "போடலாமாக்கா?"ன்னு கேட்டா, மே மாதம் வரைக்கும் "உனக்கு இல்லைம்மா." ஜூலைக்கு அப்புறம் அதே செவிலியர் "கட்டாயம் போட்டுக்கோ." கேட்டவங்க நம்புவாங்களா? ஆராய்ச்சியில விட்ட இடைவெளிக்கு வீடு வீடாப் போய் பதில் சொல்லி அலைஞ்சது அந்த செவிலியர்தான்.

மாதவிடாய் விஷயமும் இப்படித்தான். 2021 ஏப்ரலில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? பீரியட்ஸுக்கு ஐந்து நாள் முன்னாடியும் பின்னாடியும் ஊசி போடக்கூடாதுன்னு. அது பொய்னு மத்திய அரசின் பி.ஐ.பி அறிவிச்சது. ஆனா ஊசிக்கு அப்புறம் சைக்கிள் தள்ளிப்போச்சுன்னு பல நாட்டுப் பெண்கள் சொன்னதுக்கு உடனே பதில் சொல்ல ஆராய்ச்சி இல்ல, ஏன்னா சோதனைகளில் அந்தக் கேள்வியையே கேட்கல. 2022 ஜனவரியில்தான் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் பதிவை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. சராசரி மாற்றம் ஒரு நாளைக்கும் குறைவு, பயப்பட ஒண்ணுமில்ல. பதில் ஆறுதலான பதில்தான். ஆனா ஊசி தொடங்கி ஒரு வருஷம் கழிச்சு வந்தது, அதுவரைக்கும் அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்புச்சு.

ஆராய்ச்சிக் குழுவில் பெண்கள் அதிகம் இருந்திருந்தா இதெல்லாம் தானா நடந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா "பீரியட்ஸ் பத்தி ஒரு கேள்வி சேர்க்கலாமே"ன்னு சொல்ல அந்த மேசையில ஆள் வேணும், அவங்க சொல்றதைக் கேட்கவும் ஆள் வேணும்.

5. சரிபண்ண முடியுமா?

முடியும். கனடாவின் அரசு சுகாதார ஆராய்ச்சி நிதி அமைப்பு 2020 ஆரம்பத்துல கோவிட் ஆராய்ச்சிக்கு அவசர நிதி அறிவிச்சப்போ விண்ணப்பிக்க 8 நாள்தான் கொடுத்தது. பெண்கள் குறைவா விண்ணப்பிச்சாங்க. அடுத்த சுற்றுல ஒதுக்கீடு எதுவும் கொண்டு வரல. அவகாசத்தை 19 நாளாக்கினாங்க, ஃபாரத்தைச் சுருக்கினாங்க, ஆண்-பெண் வேறுபாட்டை ஆய்வுல எப்படிக் கணக்கில் எடுப்பீங்கன்னு எழுதச் சொன்னாங்க. விண்ணப்பிச்ச பெண்களின் பங்கும் கூடுச்சு, நிதி வாங்கின பெண்களின் பங்கும் கூடுச்சு.

எட்டு நாள் கெடு எல்லாருக்கும் ஒரே கெடுதான். வீட்ல குழந்தையை யார் பார்த்துக்கிறாங்கங்கிறதைப் பொறுத்து அது ஒருத்தருக்கு எட்டு நாள், இன்னொருத்தருக்கு மூணு ராத்திரி.

6. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல

நாலு பேர் டீம்னு வெச்சுக்குவோம். கோடிங், ஹார்டுவேர் ஒரு பக்கம். ரிப்போர்ட், பிபிடி, ஃபார்மேட்டிங் இன்னொரு பக்கம். பெரும்பாலான டீம்ல எந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். "அவளுக்கு ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கும்"னு ரெகார்டு நோட்டுல ஆரம்பிச்ச பழக்கம் இது. பல காலேஜ்ல லேப் எட்டு மணி வரை திறந்திருக்கும், பெண்கள் ஹாஸ்டல் இன்-டைம் ஆறரை. டெமோ ஓடுற நேரத்துல யார் அங்க இருப்பாங்க? கான்ஃபரன்ஸ் பேப்பர்ல யார் பேர் முதல்ல வரும்? கனடாவின் எட்டு நாள் கெடு மாதிரிதான் இதுவும்.

செய்யக்கூடிய நாலு விஷயம்:

ஒண்ணு. ஒரு டேபிள் போடுங்க. ஐடியா, டிசைன், கோடிங், டெஸ்டிங், டேட்டா சேகரிப்பு, எழுத்து, எடிட்டிங். எதிரே பேர். இதழ்கள் இப்போ இதுக்கு 14 வகைப் பங்களிப்புப் பட்டியல் ஒண்ணு பயன்படுத்துறாங்க, நமக்கு ஏழு போதும்.

ரெண்டு. வேலையை மாத்திக்கோங்க. ஃபர்ஸ்ட் ரிவியூ வரை பிபிடி போட்டவர் அடுத்த ரிவியூவுக்கு சர்க்யூட் பக்கம் வரட்டும்.

மூணு. ஹார்ட் ரேட், முக அடையாளம், விழுந்தா அலர்ட் தர்ற பேண்ட், இந்த மாதிரி மனிதர்கள்கிட்ட டெஸ்ட் பண்ற ப்ராஜெக்ட்னா, எத்தனை ஆண், எத்தனை பெண்ணுன்னு எழுதுங்க. அக்யூரசியைத் தனித்தனியா போடுங்க. ஹாஸ்டல் ரூம்மேட்ஸ் பத்து பேரை வெச்சு எடுத்த 95% உங்க அம்மா கையில வேலை செய்யுமான்னு தெரியாது.

நாலு. பேப்பர்ல உங்க பேரை முழுசா எழுதுங்க. இனிஷியலை மட்டும் போட்டு ஒளிஞ்சுக்காதீங்க. யாராவது ஒருநாள் எண்ணிப் பார்க்கும்போது நீங்க கணக்குல வரணும்.

முதல் பேர் யாருதுங்கிற பேச்சை ஜீரோத் ரிவியூவுக்கு முன்னாடியே பேசிடுங்க. சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி பேசினா, அந்த நேரத்துல லேப்ல யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்க பேர்தான் முதல்ல வரும்.